இரண்டாம் தீ

புளியந்தோப்பு. காலை நாலே முக்கால்.
கையளவுக் கருவியைத்
தக்காளிக் கூடையின் விளிம்பில் நிறுத்தினேன்.
ஜைனுலாப்தீன் மாஸ்டர்
தேளைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்.
"இது இன்னாமா பண்ணும்?"
"புகையை எண்ணும்."
"எண்ணி?"
எண் பெரிதானால் மோசம் என்றேன்.
"நம்ம கடன் மாதிரி" என்று
வெங்காயத்துக்குத் திரும்பினார்.

பழைய அடுப்பு மூன்று கருங்கல்,
வளைந்த தகரம், இருபத்திரண்டு வருடக் கரி.
சவுக்கின் ஒரு பங்கு அண்டாவைத் தொடும்.
மீதி கூரைக்கும் தெருவுக்கும்
மாடி வீட்டு எஸ்தரின் நெஞ்சுக்கும்.
கருவி நான்கு இலக்கம் வரை ஏறி,
அதற்குமேல் எண்ணத் தெரியாமல்
ஒரு கோட்டைக் காட்டிவிட்டு நின்றது.

புது அடுப்பு டிரம் உயரம்.
இரட்டைச் சுவர். அடியில் ஒரு விசிறி,
கம்ப்யூட்டருக்குள் முனகுமே, அதன் அண்ணன்.
மேல்விளிம்பைச் சுற்றி
சுண்டுவிரல் நுழையாத துளைகள்.
மரம் முதலில் புகையாகிறது.
துளை வழியே சூடான காற்று வந்து
வெளியேறப் பார்க்கும் புகையைப்
பிடித்துப் பற்றவைக்கிறது.
தப்பி ஓடிய ஒன்று வாசலிலேயே எரிவதை
முதல்முறை பார்த்தேன்.
வட்டமாக இருந்தது, அழகாகவும் இருந்தது.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஓர் அண்டாவுக்குப் பதினெட்டு கிலோ சவுக்கு,
இப்போது பத்து.
மரக்காணம் லாரி வாரம் இருமுறை வந்தது,
இப்போது ஒருமுறை.
வெட்டாமல் நிற்கும் சவுக்கை நான் பார்த்ததில்லை,
கணக்கில் மட்டும் அது கடற்காற்றில் அசைகிறது.

மூன்றாம் நாள் மாஸ்டர் கோபமாக இருந்தார்.
"தம் போட கங்கு எங்கே?
உன் அடுப்பு கரியையும் தின்னுடுது.
மூடிமேல என்னத்த கொட்டுறது, சாம்பலையா?"
எந்தக் கையேட்டிலும் இல்லை இது.
அவரே கண்டுபிடித்தார்:
அரிசி முக்கால் வேகும்போது விசிறியை நிறுத்து,
கங்கு மிஞ்சும்.
அந்த ஆறு நிமிடம் புகை வந்தது.
அதையும் எழுதிக்கொண்டேன்.

"வியாபாரம் கொஞ்சம் டல்லு" என்றார் இன்னொரு நாள்.
போர்டில் சிவப்பாக இருக்கிறது
'விறகு அடுப்பு பிரியாணி'.
முன்பெல்லாம் பத்தரைக்கே
ஆடுதொட்டி வரை புகை போய்
ஆட்களைக் கையைப் பிடித்துக் கூட்டி வரும்.
இப்போது கடை திறந்திருப்பது
அடுத்த தெருவுக்கே தெரியவில்லை.

எஸ்தர் ஜன்னலைத் திறந்தாள்.
நாலு வருடத் துரு, சுத்தியல் தேவைப்பட்டது.
தலையணைப் பக்கத்தில் கருவியை வைத்தோம்,
எண் இறங்கியது, இறங்கியது,
ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டது.
கடைக்கு விடுமுறையான நாளிலும்
அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.
லாரிகள், எங்கோ எரியும் குப்பை,
வடக்கே எண்ணூர்ப் பக்கம் கோடாய் நிற்கும் சிம்னிகள்.
அவற்றுக்கு அடியில் விசிறி வைக்க
என்னை யாரும் அனுப்பவில்லை.

வியாழன் இரவு மழை.
வெள்ளி காலை எண் பழைய உயரத்துக்கே போனது.
அடுப்பில் குற்றமில்லை, விறகு நனைந்திருந்தது.
தார்ப்பாய் வாங்கச் சொன்னேன்.
"அடுப்பு வாங்குன காசுல
தார்ப்பாய்க்கு மட்டும் இடமில்லாம போச்சு."
மாடியில் இருமல் கேட்டது.
இருவரும் அண்ணாந்து பார்த்தோம்,
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி நாள் எஸ்தர் கேட்டாள்:
"அப்போ இது நல்லதா, கெட்டதாக்கா?"
பழையதைவிட நல்லது.
கேஸைவிட மோசம்.
காய்ந்த விறகென்றால் ஒரு பதில்,
நனைந்ததென்றால் வேறு பதில்.
இதில் எதைச் சொன்னேன் என்று நினைவில்லை.
"ராத்திரி படுத்தே தூங்குறேன்" என்றாள் அவளாகவே,
"உட்கார்ந்துகிட்டு இல்ல."
படிவத்தில் அதற்கும் கட்டம் இல்லை,
ஓரத்தில் எழுதினேன்.

மாஸ்டர் ஒரு பொட்டலம் கொடுத்தார்.
பேருந்து நிறுத்தத்தில் பிரித்தபோது
அணைக்க மறந்த கருவி மடியில் கிடந்தது.
வாழையிலையிலிருந்து ஆவி எழுந்தது.
புகைக்கும் ஆவிக்கும் வித்தியாசம் தெரியாத அது
எண்ணை நானூறுக்குத் தூக்கி
அலற ஆரம்பித்தது.
பக்கத்தில் நின்றவர் இரண்டடி விலகினார்.
அதன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு
சாப்பிட்டேன்.